ஒளிரும் பருவமும் ஓயும் பருவமும்



1774ஆம் ஆண்டின் கடைசி இரவில், டிசம்பர் 31 அன்று, ஜெர்மானிய வானியலாளர் யோகான் போடே வடதிசை வானில் மங்கலான இரண்டு ஒளித்திட்டுகளைத் தம் தொலைநோக்கியில் முதன்முறையாகக் கண்டார். ஒன்று சற்று உருண்டையாய் இருந்தது. மற்றொன்று நீண்டு, வெளிறி இருந்தது. அவை நம் பால்வெளியைப் போன்ற தனித்தனி விண்மீன்திரள்கள் என்பதை அவர் அறியார். அதை மனிதர் அறிந்துகொள்ள இன்னும் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. பிரெஞ்சு வானியலாளர் சார்ல் மெஸ்ஸியே தொகுத்த பட்டியலில் அவை 81, 82 என்னும் எண்களைப் பெற்றன. இன்றும் அவற்றை எம்81, எம்82 என்றே அழைக்கின்றனர்.

இந்த வாரம் நாம் சிந்திக்கப்போவது அந்த வெளிறிய எம்82ஐயும் அதன் இனத்தைச் சேர்ந்த பிற விண்மீன்திரள்களையும் குறித்தே. போதகர் ஒருவர் வானியல் பேசுவதேன் என்று உங்களில் சிலர் எண்ணலாம். வீடுகளைச் சந்திக்கச் செல்லும்போது வெவ்வேறு சொற்களில் ஒரே கேள்வியை நான் கேட்டு வருகிறேன். "அன்றைக்கு இருந்த அனல் இன்றைக்கு இல்லையே ஐயா! அப்படியானால் அன்று இருந்தது மெய்தானா?" பணி ஓய்வு பெற்றவர்கள் இதைக் கேட்கிறார்கள். ஊழியத்தில் ஓடி ஓடிக் களைத்துப்போன இளைஞர்களும் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் நிரம்பி வழிந்து, இப்போது பாதி இருக்கைகள் வெறுமையாய்க் கிடக்கும் சிற்றாலயங்களின் மூப்பர்களும் கேட்கிறார்கள். இக்கேள்விக்கு வானம் விடை சொல்லும் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் கேள்வியை எப்படிக் கேட்கவேண்டும் என்பதை அது நமக்குப் பழக்கக்கூடும்.

நம் முன்னோர் 'நீறு பூத்த நெருப்பு' என்றார்கள். அடுப்பின் மேற்பரப்பில் சாம்பல் படர்ந்திருக்கும். கண்ணுக்கு நெருப்புத் தெரியாது. கையை மேலே நீட்டினாலோ வெப்பம் உறைக்கும். விண்மீன்கள் பிறக்கும் இடங்களும் அப்படிப்பட்டவையே. அவை பிறப்பது குளிர்ந்த, அடர்ந்த வாயு முகில்களின் உள்ளே. அம்முகில்களில் புகையினும் நுண்ணிய தூசு கலந்திருக்கிறது. புதிதாய்ப் பிறந்த பெரிய விண்மீன்கள் கடும் புற ஊதாக் கதிர்களையும் கண்கூசும் ஒளியையும் வீசுகின்றன; தூசு அவற்றை விழுங்கிவிடுகிறது. விழுங்கிய தூசு சற்றே வெப்பமடைகிறது. அந்த வெப்பமும் நம் கணக்கில் சுழியத்துக்குக் கீழே 200 டிகிரிக்கும் மேற்பட்ட குளிர்தான். ஆனால் அவ்வளவு வெப்பமே அகச்சிவப்புக் கதிர்களாய் அது ஒளிர்வதற்குப் போதும். ஆகவே எந்த இடத்தில் மிகுதியாய் விண்மீன்கள் பிறக்கின்றனவோ, அந்த இடமே பெரும்பாலும் கண்ணுக்கு இருண்டு தோன்றுகிறது.

அகச்சிவப்புக் கதிர் உண்டென்பதைக் கண்டறிந்தவர் வில்லியம் ஹெர்ஷல். 1800ஆம் ஆண்டில் அவர் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு முடிந்து, ஒளியே இல்லாத இருளில் வைத்த வெப்பமானியிலும் வெப்பம் ஏறியது. காணாத ஒளி ஒன்று உண்டு என்பதற்கு அதுவே முதற்சான்று. எனினும் வானத்தை அந்த ஒளியில் முழுமையாய்ப் பார்க்க மனிதர் 183 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. நம் காற்றுமண்டலம் அக்கதிர்களில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால், தொலைநோக்கியை விண்வெளிக்கே அனுப்பவேண்டியிருந்தது.

1983 ஜனவரியில் அமெரிக்கா, நெதர்லாந்து, பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து ஐராஸ் என்னும் செயற்கைக்கோளை ஏவின. தன் சொந்த வெப்பமே தன் பார்வையைக் கெடுக்காதபடி, அதன் தொலைநோக்கி திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்பட்டிருந்தது. அந்த ஹீலியம் பத்து மாதங்களில் தீர்ந்துபோயிற்று. அத்துடன் அதன் பணியும் முடிந்தது. அந்தப் பத்து மாதங்களில் அது வானத்தின் 96 விழுக்காட்டை அளந்து, ஏறத்தாழ 3.5 லட்சம் அகச்சிவப்பு மூலங்களைக் கண்டுபிடித்திருந்தது. நாற்பது ஆண்டுகள் கடந்த பின்பும் அகச்சிவப்பில் ஒளிமிக்க விண்மீன்திரள்களை ஆராய்வோர் அதன் பட்டியலிலிருந்தே தொடங்குகிறார்கள். அப்பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்த மிகப் பிரகாசமான அண்மைத் திரள்கள் 629. அவற்றுள் எம்82உம் ஒன்று.

அந்தத் திரள்களில் சில ஆய்வாளர்களை வியப்பில் ஆழ்த்தின. அகச்சிவப்பில் மட்டுமே சூரியனைப்போல் 10,000 கோடி மடங்குக்கும் மேல் ஒளிர்வனவற்றைத் தனி வகையாகவும், ஒரு லட்சம் கோடி மடங்கைக் கடப்பனவற்றை அதனினும் மேலான வகையாகவும் அவர்கள் வகுத்தார்கள். இவ்வளவு வெப்பத்துக்கும் பெரும்பாலான திரள்களில் காரணம், விண்மீன்கள் வெள்ளமெனப் பிறப்பதே. சிலவற்றில் நடுவிலுள்ள கருந்துளையைச் சுற்றிச் சுழலும் பொருளும் அதில் பங்குகொள்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. இந்த வெள்ளம் எப்போது தொடங்கியது? எவ்வளவு காலம் நீடிக்கும்? ஒரு விண்மீன்திரள் மாறுவதைக் காண எவருடைய ஆயுளும் போதாது. நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு கணத்தின் தோற்றம். அதிலிருந்து வரலாற்றை எப்படி வாசிப்பது?

இதை ஒரு போதகன் எளிதில் புரிந்துகொள்ள இயலும். பழைய சபை ஒன்றுக்கு மாற்றலாகிச் செல்லும் போதகர் முதலில் திறந்து பார்ப்பது பதிவேடுகளைத்தான். ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த ஊர் எப்போது தழைத்தது, எப்போது மக்கள் பிழைப்புத் தேடிப் புறப்பட்டார்கள், எப்போது கொள்ளைநோய் வந்தது என்பதெல்லாம் தெரிந்துவிடும். வானியலாளர்களிடமும் அவ்வாறான பதிவேடுகள் உண்டு.

சூரியனைக் காட்டிலும் இருபது முப்பது மடங்கு எடையுள்ள விண்மீன்கள் ஒரு கோடி ஆண்டுகளுக்குள் எரிந்து முடிந்துவிடும். அவை உயிரோடிருக்கும் வரையில் சுற்றியுள்ள ஹைட்ரஜன் வாயு செந்நிறமாய் ஒளிரும். ஆகவே அந்தச் செந்நிற ஒளி அண்மையில் நிகழ்ந்த பிறப்புகளின் பதிவேடு. புற ஊதாக் கதிரும் தூசின் அகச்சிவப்பும் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள் வரையிலான பிறப்புகளைச் சேர்த்துக் காட்டுகின்றன. சூரியனைப்போல் இருமடங்கு எடையுள்ள வெண்ணிற விண்மீன்கள் 100 கோடி ஆண்டளவு வாழ்பவை. நிறமாலையில் அவற்றின் அடையாளம் மேலோங்கினால், அந்தக் கால எல்லைக்குள் ஒரு பெருக்கு வந்து போயிற்று என்று அறியலாம். வெடித்து மாண்ட பெரிய விண்மீன்களின் சிதைவுகள் வானொலி அலைகளில் தெரிகின்றன. அது அடக்கப் பதிவேடு. இவற்றுள் ஒன்றை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார். சேர்த்துப் பார்ப்பவருக்கே ஏற்றமும் இறக்கமும் விளங்கும்.

இப்படி வாசித்தபோது எம்82இன் வரலாறு வெளிப்பட்டது. பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு அது தன்னினும் பெரிய அண்டைத்திரளான எம்81க்கு அருகே கடந்துசென்றது. அந்தச் சந்திப்பில் பிய்த்தெறியப்பட்ட ஹைட்ரஜன் வாயு, இரண்டுக்கும் நடுவே பாலம்போல் நீண்டு கிடப்பதை 1994இல் வெளியான வானொலி வரைபடம் காட்டியது. சந்திப்பின் ஈர்ப்பால் கலங்கிய வாயு, எம்82இன் நடுவை நோக்கிப் பாய்ந்தது. அங்கே விண்மீன் பிறப்பு பெருக்கெடுத்தது. அந்த நடுப்பகுதியை நுணுக்கமாய் ஆராய்ந்தவர்கள், ஒரே தொடர்ச்சியான பெருக்கைக் காணவில்லை. ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஒன்றும், 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு ஒன்றுமாக, இரண்டு குறுகிய பெருக்குகளின் தடயங்களைக் கண்டார்கள். ஒவ்வொன்றும் சில பத்து லட்சம் ஆண்டுகளே நீடித்தது. விண்மீன்திரளின் வாழ்நாளில் அது கண்ணிமைப்பொழுது.

அளவைக் கருதிப் பாருங்கள். நம் பால்வெளி முழுவதிலும் ஓர் ஆண்டில் பிறக்கும் விண்மீன்களின் மொத்த எடை, ஏறக்குறைய ஒன்று அல்லது இரண்டு சூரியன்களின் எடை. நம்மதைவிடச் சிறிய எம்82இலோ அது ஏறத்தாழ பத்து சூரியன்களின் எடை; அதில் பெரும்பகுதி அதன் நடுவிலுள்ள சிறிய இடத்திலேயே நிகழ்கிறது.

ஏன் இது நீடிப்பதில்லை? இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, எரிபொருள். விண்மீனாகக்கூடிய வாயு அளவுக்கு உட்பட்டது. பத்து மடங்கு வேகத்தில் செலவிட்டால் பத்து மடங்கு விரைவில் தீரும். இரண்டாவது காரணம் சிந்திக்கத்தக்கது. பெருக்கில் பிறந்த பெரிய விண்மீன்களே அப்பெருக்கை முடித்துவைக்கின்றன. அவற்றின் கதிர்களும் காற்றும் வெடிப்புகளும், மிஞ்சிய வாயுவைச் சூடாக்கி வெளியே தள்ளிவிடுகின்றன. 1963இல் ரோஜர் லிண்ட்ஸ், ஆலன் சாண்டேஜ் ஆகிய இருவரும் எம்82இன் தட்டுக்கு மேலும் கீழும் செந்நிற இழைகள் பீறிட்டு நிற்பதை ஆராய்ந்து, அதன் நடுவில் மாபெரும் வெடிப்பொன்று நிகழ்ந்திருக்கவேண்டும் என்று எழுதினார்கள். ஒரே வெடிப்பன்று, எண்ணற்ற விண்மீன்களின் கூட்டுக் காற்றே அது என்பது பின்னர் தெளிவாயிற்று. நொடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில், ஆயிரக்கணக்கான ஒளியாண்டு தூரத்துக்கு அது வாயுவை வாரியிறைக்கிறது. அடுத்த தலைமுறைக்குரிய வாயுவை இந்தத் தலைமுறையின் வேகமே வெளியேற்றிவிடுகிறது.

இதன் உச்சநிலையைக் காண விரும்பினால் ஆர்ப் 220 என்னும் திரளைப் பார்க்கவேண்டும். 25 கோடி ஒளியாண்டு தொலைவில், இரண்டு விண்மீன்திரள்கள் ஒன்றோடொன்று மோதிக் கலந்துகொண்டிருக்கும் இடம் அது. அந்த மோதல் தொடங்கி ஏறத்தாழ 70 கோடி ஆண்டுகள் ஆயின என்று கணிக்கிறார்கள். 5,000 ஒளியாண்டு அகலமேயுள்ள தூசு நிறைந்த பகுதிக்குள், நம் பால்வெளி முழுவதிலும் உள்ள அளவு வாயு நெருக்கப்பட்டு, 200க்கும் மேற்பட்ட பெரும் விண்மீன் கூட்டங்கள் அங்கே பிறந்திருக்கின்றன. 2021 டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படத்தில், ஆர்ப் 220 இருளின் நடுவே ஒற்றைத் தீபம்போல் சுடர்விடுகிறது. ஒரு லட்சம் கோடி சூரியன்களுக்கும் மேற்பட்ட ஒளி அது. ஆயினும் அந்த ஒளியும் ஒரு பருவமே. வாயு தீர்ந்தும் சிதறியும் போனபின், செந்நிற ஒளி மறையும். வெண்ணிற விண்மீன்கள் சிறிது காலம் மேலோங்கும். பிறகு சிறிய, செம்மஞ்சள் விண்மீன்கள் மட்டும் அமைதியாய் எரிந்துகொண்டிருக்கும் திரளாக அது மாறும். அவ்விதம் ஓய்ந்த திரள்களையும் வானில் காண்கிறோம்.

எல்லாத் திரள்களுக்கும் பாதை ஒன்றே என்று எண்ணிவிடவேண்டாம். இத்தகைய 200க்கும் மேற்பட்ட அண்மைத் திரள்களை ஒப்பிட்டு ஆராய்ந்ததில், சில நெருங்கிவரும் நிலையிலும், சில மோதும் நிலையிலும், சில கலந்து முடிந்த நிலையிலும் இருப்பது தெரிந்தது. பேரொளி வீசுபவை ஏறக்குறைய எல்லாம் மோதலுக்கு உள்ளானவை. ஒளி சற்றுக் குறைந்தவற்றுள் எந்த மோதலும் இன்றித் தம்போக்கில் விண்மீன்களைப் பிறப்பிப்பனவும் உண்டு.

அன்பானவர்களே, விண்மீன்கள் நமக்குப் பாடம் சொல்வதற்காக எரிவதில்லை. வாயுவுக்கு விசுவாசமும் இல்லை, சோர்வும் இல்லை. ஆகவே ஒப்புமையை அளவோடு கையாளவேண்டும். அந்த எச்சரிக்கையோடு, இவற்றை நான் வாசித்தபோது என் உள்ளத்தில் தங்கிய சில எண்ணங்களை உங்கள்முன் வைக்கிறேன்.

முதலாவது, ஒளி குறைவது, முன்பு இருந்த ஒளி பொய் என்பதற்குச் சான்றாகாது. எம்82இன் ஒரு கோடி ஆண்டுக்கு முந்தைய பெருக்கு ஓய்ந்தது. அதனால் அன்று பிறந்த விண்மீன்கள் பிறவாதவை ஆகிவிடவில்லை. முதியவர் ஒருவரை நினைவுகூர்கிறேன். பல ஆண்டுகள் தம் வீட்டுத் திண்ணையில் மாலைதோறும் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். கண்பார்வை மங்கி, பிள்ளைகள் வருவது நின்றபோது, "என் வேலை அணைந்துபோயிற்று ஐயா" என்றார். திண்ணையை மட்டும் பார்த்தால் அது உண்மையே. அவரிடம் எழுத்துக் கற்றவர்கள் இன்று எங்கெங்கோ தங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார்களே! அந்தப் பதிவேட்டைத் திறந்து பார்க்க அவருக்கு யாரும் உதவவில்லை.

எம்82 வாரியிறைக்கும் காற்றில் ஆக்சிஜன், மக்னீசியம், சிலிக்கன் முதலிய தனிமங்கள் கலந்திருக்கின்றன. விண்மீன்களின் உள்ளேயும் அவற்றின் வெடிப்பிலும் உருவானவை அவை. இழப்பாகத் தோன்றும் அந்தச் சிதறலே, இனி பிறக்கக்கூடிய விண்மீன்களுக்கும் கோள்களுக்கும் மூலப்பொருளாகிறது. நம் சூரியன் பிறந்து ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன்பே வாழ்ந்து ஓய்ந்த விண்மீன்கள் விட்டுச்சென்றவையே நம் இரத்தத்தில் ஓடும் இரும்பும், எலும்பில் உறைந்த கால்சியமும். நாம் மூச்சுவிடுவதே ஏதோ ஒரு பழைய பருவம் முடிந்ததால்தான்.

இரண்டாவது, மிகுந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. ஊழியத்தில் எல்லாவற்றையும் தாமே சுமக்கும் இளையோரே, உங்களுக்கு இதைச் சொல்கிறேன். விண்மீன்திரள் தன் பெருக்கைத் தானாய் நிறுத்திக்கொள்ள இயலாது. அதற்கு ஓய்வுநாள் இல்லை. நமக்கோ ஓய்வுநாள் அருளப்பட்டிருக்கிறது. களைப்பை விசுவாசக்குறைவு என்று எண்ணி, மேலும் மேலும் உங்களை எரித்துக்கொள்ளாதீர்கள். உங்களை அப்படி எரியச் சொல்லும் பொறுப்பாளர்களாக நாங்களும் இருக்கலாகாது. எழுப்புதல் நிகழ்ந்த ஓர் ஆண்டை அளவுகோலாக வைத்து, ஒவ்வோர் ஆண்டையும் அதனால் அளக்கும் சபை, தன் அடுத்த தலைமுறையின் பலத்தையும் சேர்த்தே செலவிட்டுவிடும்.

மூன்றாவது, மெதுவாய் எரிவதை இகழாதீர்கள். ஆண்டுக்கு ஒன்றிரண்டு சூரியன்களின் எடை என்பது அகச்சிவப்புப் பேரொளித் திரள்களின் பட்டியலில் இடம்பெறாத சிறிய அளவு. ஆனால் நம் பால்வெளி, ஏற்ற இறக்கங்களோடு, 1,000 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக விண்மீன்களைப் பிறப்பித்து வருகிறது. இந்த ஆரவாரமற்ற திரளின் ஓர் ஓரத்தில்தான், உயிர் தழைப்பதற்குப் போதிய நீண்ட அமைதி நம் பூமிக்குக் கிடைத்தது. ஞாயிறுதோறும் ஆலயத்தைப் பெருக்கி, விளக்கேற்றி, மணியடித்துவிட்டு, பெயர் தெரியாமல் பின்வரிசையில் அமரும் சகோதரியை எந்த எழுப்புதல் அறிக்கையும் குறிப்பிடுவதில்லை. ஆயினும் அவர் இல்லாமல் ஆலயம் திறவாது.

நான்காவது, இருண்டு தோன்றும் மனிதரைக் குறித்துத் தீர்ப்புச் சொல்ல விரையாதீர்கள். நீறு பூத்த நெருப்பைக் கண்டவர் கையை நீட்டிப் பார்க்கவேண்டும். ஜெபக்கூட்டத்தில் வாய் திறவாதவர், ஆலயத்துக்கு வருவதைக் குறைத்துக்கொண்டவர், துக்கத்தால் மூடுண்டவர் ஆகியோருக்குள்ளே என்ன பிறந்துகொண்டிருக்கிறது என்பது நம் கண்ணுக்கு எட்டுவதில்லை. அருகே சென்று அமர்ந்தால் ஒருவேளை வெப்பம் தெரியும்.

எட்டாம் சங்கீதத்தைப் பாடியவர் வெறுங்கண்ணால் இரவு வானத்தைப் பார்த்து, இத்துணைப் பெரிய படைப்பின் நடுவே மனிதன் நினைக்கப்படுகிறானே என்று வியந்தார். அவர் கண்ட விண்மீன்கள் யாவும் நம் பால்வெளியைச் சேர்ந்தவை. அவர் அறியாத திரள்களை அறிந்திருக்கும் நமக்கு அந்த வியப்பு குறையக் காரணம் இல்லை.

வரும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் இரவு ஒன்பது மணியளவில், ஊர் விளக்குகளை விட்டு விலகி வடதிசையை நோக்கி நில்லுங்கள். சப்தரிஷி மண்டலத்தின் ஏழு விண்மீன்கள் தெரியும். அவற்றுக்கு அருகே, அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 30 டிகிரி உயரத்தில் எம்81உம் எம்82உம் இருக்கின்றன. வெறுங்கண்ணுக்குப் புலப்படா, நல்ல இருட்டும் இருகண் தொலைநோக்கியும் இருந்தால் மங்கலான கீற்றாகத் தெரியும். இடம் கண்டுபிடிக்க வானியல் ஆர்வமுள்ள பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் காணும் அந்த ஒளி அங்கிருந்து புறப்பட்டு ஏறத்தாழ 1.2 கோடி ஆண்டுகள் ஆயின. நான் மேலே சொன்ன காலக்கணக்குகள் யாவும் அந்த ஒளி புறப்பட்ட கணத்திலிருந்து பின்னோக்கி எண்ணியவை. இந்நேரம் அந்தப் பெருக்கு ஓய்ந்திருக்கலாம். வேறொன்று தொடங்கியும் இருக்கலாம். அதன் இன்றைய நிலை பூமியில் எவருக்கும் தெரியாது. ஆயினும் அதன் அன்றைய ஒளி இன்றும் வந்து சேர்ந்துகொண்டிருக்கிறது.

இந்த வாரம் உங்களில் எவரேனும், தம் ஒளி குறைந்துவிட்டதென்று சோர்ந்திருக்கும் ஒருவரைச் சந்தித்தால், அறிவுரை கூறாமல் அவருடைய பழைய பதிவேட்டின் ஒரு பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். "நீங்கள் அன்று செய்தது எனக்கு இப்படி வந்து சேர்ந்தது" என்று ஒரே ஒரு செய்தியைச் சொல்லுங்கள். அது போதும்.

பருவங்களை நியமித்த ஆண்டவர், ஒளிரும் பருவத்தில் உங்களுக்குத் தாழ்மையையும், ஓயும் பருவத்தில் சமாதானத்தையும் அருளுவாராக. ஆமென்.